எந்தக் கடையில், எந்த நேரத்தில், எதைக் கேட்பது? மதுரை முதல் நாகர்கோவில் வரை: கேள்வி பதில்

சார், மதுரைக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். மெஸ், பவன், பரோட்டா ஸ்டால், ஹோட்டல் என்று விதவிதமாகப் பலகை தொங்குகிறது. என்ன வித்தியாசம்?

பலகையை விட அடுப்பு பற்ற வைக்கும் நேரத்தைப் பாருங்கள். மெஸ் என்றால் மதியச் சாப்பாடுதான் பிரதானம். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று, மூன்றரைக்குள் நல்ல அயிட்டங்கள் காலி. பவன், விலாஸ் என்று முடிந்தால் பெரும்பாலும் சைவம், காலை ஆறு மணிக்கே இட்லி கிடைக்கும். பரோட்டா ஸ்டால் சாயங்காலம் கல்லைப் போட்டு நள்ளிரவு வரை ஓட்டும். தூத்துக்குடிப் பக்கம் இதையே ‘நைட் கிளப்’ என்பார்கள், பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். எல்லா நேரமும் எல்லாம் கிடைக்கும் என்று எழுதியிருக்கும் கடையில் எதுவுமே அந்த நேரத்துக்கு என்று சமைத்ததாக இருக்காது.

மதுரை மெஸ்ஸில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இலையில் சாதம் விழுந்ததும் பெரிய தட்டு ஒன்றை மேஜைக்குக் கொண்டுவருவார்கள். சுக்கா, கோலா உருண்டை, ஈரல், குடல், நண்டு, மீன் வறுவல் என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில் இருக்கும். அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. எடுத்துக் கீழே வைத்தால் பில்லில் ஏறும், வேண்டாததை அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். குழம்பு வகைகள் பொதுவாகச் சாப்பாட்டோடு சேர்ந்தவை. அயிரை மீன் குழம்பு மட்டும் விதிவிலக்கு, தனி விலை. விரல் நீளம்கூட இல்லாத மீனை உயிரோடு வாங்கி, உப்பும் பாலும் கலந்த நீரில் விட்டு மண்ணைக் கக்க வைத்து முழுசாகவே குழம்பில் போடுகிறார்கள். அந்த வேலைக்குத்தான் அந்த விலை. மண் நறநறத்தால் அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

மதியம் மூன்றரைக்குத்தான் பஸ் மதுரை வந்து சேருகிறது. என்ன சாப்பிடலாம் அண்ணே?

அசைவச் சாப்பாட்டுக்கு அலையாதீர்கள், மிச்சம்தான் கிடைக்கும். வடை, பஜ்ஜி, பருத்திப்பால், ஜிகர்தண்டா என்று ஆறு மணி வரை ஓட்டிவிட்டுப் பிறகு பரோட்டா ஸ்டாலுக்குப் போங்கள். பசி தாங்காது என்றால் சைவக் கடையில் டிபன்.

கறிதோசை வீட்டில் போட்டால் திருப்பும்போது கறி தனி, தோசை தனி. கடையில் மட்டும் எப்படி ஒட்டுகிறது?

ஒட்ட வைப்பது முட்டை. கடையில் மூன்று அடுக்கு: அடியில் ஊத்தப்பம் கனத்தில் தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக மாவை ஊற்றுங்கள், அதிகம் தேய்க்காதீர்கள். மேல்பக்கம் பாதி வெந்து ஈரம் இருக்கும்போதே, மிளகுத்தூள் போட்டு அடித்த ஒரு முட்டையை ஊற்றிப் பரப்ப வேண்டும். அது கொழகொழவென்று இருக்கும்போதே கறியைத் தூவிக் கரண்டியால் லேசாக அமுக்குங்கள். முட்டை வெந்த பிறகு கறியைப் போட்டால் எதிலும் ஒட்டாது, பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னொன்று, கறி ஈரம். கொத்துக்கறியை முன்கூட்டியே வேகவைத்து, மசாலா சுண்டிச் சட்டியில் எண்ணெய் தனியாகத் தெரியும்வரை வதக்க வேண்டும். ஒரு தோசைக்கு 100 கிராம் வெந்த கறி போதும். ஓரமெல்லாம் நல்லெண்ணெய் விட்டு, மிதமான தீயில் அடிப்பக்கம் முறுகிய பிறகே ஒரே வீச்சில் திருப்புங்கள். கறிப்பக்கம் ஒரு நிமிடம் கல்லில் பட்டால் போதும். கடையில் கேட்கும்போது இரண்டு பேருக்கு ஒன்று சொல்லிப் பாருங்கள், கனமான சமாச்சாரம்.

விருதுநகர் எண்ணெய் பரோட்டாவும் மற்ற ஊர் பரோட்டாவும் மாவு ஒன்றுதானா?

மாவு ஒன்றே, சுடும் விதம்தான் வேறு. மற்ற ஊரில் தட்டைக் கல்லில் எண்ணெய் தடவிச் சுட்டு, நாலைந்தாக அடுக்கி இரண்டு கையாலும் தட்டி இதழ் பிரிப்பார்கள். விருதுநகரில் விளிம்பு வைத்த கல்லில் எண்ணெயைத் தேக்கி, அதில் மூழ்கவைத்துப் பொரிப்பார்கள். பரோட்டாவும் சின்னது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து.

வீட்டில் செய்ய: ஒரு கிலோ மைதாவுக்கு 20 கிராம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு குழிக்கரண்டி எண்ணெய், தண்ணீர் 500 முதல் 550 மில்லி. பிசைந்து ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம், உருண்டை பிடித்து எண்ணெய் தடவி மறுபடி அரை மணி நேரம். இந்த ஓய்வைக் குறைத்தால் வீசும்போது மாவு பின்னால் இழுக்கும், கிழியும். வீசிச் சுருட்டியதைத் தட்டும்போது நடுப்பகுதியை அழுத்தித் தட்டுங்கள். நடு தடியாக இருந்தால் வெளியே சிவந்தும் உள்ளே பச்சை மாவாக நிற்கும். எண்ணெய் காயாமல் போட்டால் குடித்துவிடும். மாவுத் துணுக்கு ஒன்றைப் போட்டு, அது உடனே மேலே வந்து நிதானமாகச் சிவந்தால் சரியான சூடு.

சாப்பிடும் முறையும் உண்டு. கையால் நொறுக்கி, சால்னாவை மூழ்க ஊற்றி, ஒரு நிமிடம் பொறுத்துச் சாப்பிட வேண்டும். இந்த ஊர் சால்னா தண்ணியாக இருப்பது கஞ்சத்தனம் இல்லை, கெட்டியாக இருந்தால் பரோட்டாவுக்குள் இறங்காது.

பார்சலுக்கு இது ஆகாது. அரை மணி நேரத்தில் வதங்கி ரப்பராகிவிடும்.

கொத்து பரோட்டா சில நாள் உதிரியாகவும் சில நாள் களியாகவும் வருகிறது. மாஸ்டர் மாறிவிட்டாரா?

மாஸ்டரைக் குற்றம் சொல்லாதீர்கள், பரோட்டாவின் சூடுதான் காரணம். சுடச்சுட எடுத்த பரோட்டாவைக் கொத்தினால் ஆவியோடு சேர்ந்து மசிந்துவிடும். கொஞ்சம் ஆறினதுதான் உதிரும். இரண்டு பரோட்டாவுக்கு ஒரு பெரிய வெங்காயம், இரண்டு முட்டை, ஒரு குழிக்கரண்டி சால்னா என்பது சரியான கணக்கு. சால்னாவைத் தாராளமாக ஊற்றச் சொல்லிக் கேட்பது நாமேதான், பிறகு களி என்று குறைப்படுவதும் நாமேதான். கொத்தும்போது பாதி, தட்டில் தனியாக மீதி என்று சொல்லிப் பாருங்கள். நேற்றைய பரோட்டாவும் இதில் மறைந்துகொள்ளும் என்பதால், கல்லில் புதிதாகச் சுட்டு அடுக்கி வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

குடும்பத்தோடு காரில் மதுரையிலிருந்து கன்னியாகுமரி. அம்மா சுத்த சைவம். வழியில் எங்கே நிறுத்தலாம்?

நான்குவழிச் சாலை விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி மூன்றையும் ஒதுக்கிக்கொண்டு போகிறது. சாலையோரப் பெரிய கடைகளில் கழிப்பறையும் பார்க்கிங்கும் நன்றாக இருக்கும், சாப்பாடு எங்கும் ஒரே மாதிரி. நேரம் இருந்தால் ஏதாவது ஓர் ஊருக்குள் இறங்கி, பழைய பஸ் ஸ்டாண்டு அல்லது கோயில் பக்கத்துச் சைவக் கடையில் சாப்பிடுங்கள். கோவில்பட்டியில் இறங்கினால் கடலை மிட்டாயும் ஆச்சு. 2020இல் புவிசார் குறியீடு பெற்றது அது.

மதியச் சாப்பாட்டைத் திருநெல்வேலிக்கு வைத்துக்கொண்டால், தேங்காய்ப்பாலில் செய்யும் சொதிக் குழம்பு உண்டா என்று முதலில் கேளுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு உரியது என்பதால் எல்லாக் கடையிலும் தினமும் இராது. இருந்தால் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் கூட வரவேண்டும். காய்களை இரண்டாம், மூன்றாம் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, கடைசியில்தான் முதல் பால் சேர்ப்பார்கள். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும், எலுமிச்சையும் அடுப்பை அணைத்த பிறகுதான். திப்பிதிப்பியாக மிதந்தால் வேண்டாம் என்று சாம்பார் கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்காக ஒரு விஷயம்: பரோட்டா கடையில் ‘எம்ப்டி சால்னா’ என்றால் கறித்துண்டு இல்லை என்றுதான் அர்த்தம், சைவம் என்று இல்லை. பரோட்டாவும் ஆம்லெட்டும் ஒரே கல்லில்தான். நாகர்கோவில் பக்கம் போனபின் தேங்காய் எண்ணெய் வாசம் கூடும், பழக்கம் இல்லாதவர்களுக்கு முதல் வாய் ஒரு மாதிரி இருக்கலாம். அங்கே ரசவடை கேளுங்கள். பருப்பு வடையைச் சூடான ரசத்தில் ஊறவைத்துத் தருவார்கள், வயதானவர்களுக்கு மெல்ல எளிது.

குற்றாலம் போகும்போது பார்டர் பரோட்டா மதியமே கிடைக்குமா?

கிடைக்கும். செங்கோட்டை, புளியரைப் பக்கம் கேரள எல்லைப் போக்குவரத்தை நம்பி நடப்பதால் இரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டுக்கோழி, காடைதான் அங்கே துணை. சீசன் சனி, ஞாயிறு ஒரு மணிக்குப் போனால் அருவியை விட இங்கே கூட்டம் அதிகம். பன்னிரண்டுக்கு முன்னாலோ மூன்றுக்குப் பிறகோ போங்கள்.

திண்டுக்கல் மாதிரி சீரகச்சம்பாவில் பிரியாணி செய்தேன். பொங்கலாகிவிட்டது. ஏன் அண்ணே?

பாசுமதிக் கணக்கில் தண்ணீர் வைத்திருப்பீர்கள். சீரகச்சம்பா ஒரு டம்ளருக்கு ஒன்றரை டம்ளர்தான். அதுவும் தயிர், தக்காளி, கறி விட்ட நீர் எல்லாம் சேர்த்து. கறியை முன்பே முக்கால் பதத்துக்கு மேல் வேகவைத்து, அந்த நீரை அளந்து, குறைவதை மட்டும் தண்ணீராகச் சேருங்கள். அரிசி 20 நிமிடம் ஊறினால் போதும், ஒரு மணி நேரம் ஊறினால் கிளறும்போதே உடையும். தண்ணீரும் அரிசியும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் தம், 15 நிமிடம். பிறகு பத்து நிமிடம் மூடியைத் தொடாதீர்கள்.

ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின் கல்லுக் கல்லாக இருக்கிறதே?

ஊறவில்லை. ஒரு டீஸ்பூன் பிசினுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், எட்டு மணி நேரமாவது வேண்டும். நடுவில் கடினமாகத் தெரிந்தால் இன்னும் ஊறட்டும். மரப்பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கும், ஊறியதும் அலசி எடுங்கள். பால் பாதியாகச் சுண்ட வேண்டும், அதில்தான் நிறமும் கனமும். டம்ளரில் பிசின், நன்னாரி சர்பத், பால், மேலே ஐஸ்கிரீம் என்ற வரிசை.

நெல்லை அல்வாவைச் சூடாகவே பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வாங்கலாமா?

வேண்டாம். ஆவி தண்ணீராகி மேலே நின்று சீக்கிரம் கெடும். ஆறவிட்டு மூடுங்கள். நெய் உறைந்துவிட்டால் கிண்ணத்தோடு ஆவியில் ஐந்து நிமிடம் வைத்தால் பழைய பதம் வந்துவிடும்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்யலாம். ஜிஎஸ்டி வேறு. சாதாரண உணவகத்தில் 5 சதவீதம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தானே வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருக்கும் சின்னக் கடை உங்களிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. பில்லின் தலைப்பில் காம்போசிஷன் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்.