பதில்: 20 தொன் பிரஸ்ஸில் நசுக்கியும் திருக்கோவில் கருமணலின் காந்தம் மாறவில்லை

அழுத்தினால் காந்தத்தன்மை போகுமா என்று பார்க்க, திருக்கோவில் கருமணலைக் கராச்சில் உள்ள 20 தொன் பிரஸ்ஸில் நசுக்கினீர்கள்; நசுக்கிய பிறகும் மணல் காந்தத்தில் அப்படியே ஒட்டுகிறது, செயற்றிட்டம் வீண் என்று எழுதியிருந்தீர்கள். வீணில்லை, அழுத்தம்தான் போதவில்லை.

கராச் பிரஸ்ஸின் 20 தொன்னை 5 சென்ரிமீற்றர் வட்டில் பரப்பினால் கிடைப்பது சுமார் 0.1 கிகா பஸ்கால். உதாரணமாக, ஹேமடைட் என்ற இரும்பு ஒக்சைட்டுக் கனிமத்தின் காந்த ஒழுங்கு குலைய ஏறக்குறைய 50 கிகா பஸ்கால் வேண்டும். இரும்பு அணுக்கள் நெருங்க நெருங்க, தனித்தனியே நின்ற இலத்திரன்கள் சோடி சேர்ந்து காந்தத்திருப்பம், அதாவது ஒவ்வோர் அணுவின் காந்த வலு, ஒடுங்கிவிடும். கனவளவும் சுமார் 10 வீதம் சட்டென்று குறையும். அதற்கு இரண்டு வைர முனைகளுக்கு நடுவில் தூசியளவு மாதிரியை வைத்து நெரிப்பார்கள். மட்டக்களப்பில் எந்தக் கராச்சிலும் அது நடக்காது!

இன்னொன்று, அந்த மணலில் பெரும்பகுதி இல்மனைட், காந்தத்தில் பலமாக ஒட்டாத ஒரு கனிமம். சாதாரணக் காந்தத்தில் பாய்ந்து ஒட்டுவது அதில் கலந்திருக்கும் மக்னடைட் என்ற இரும்புக் கனிமம்தான். அதை மட்டும் பிரித்தெடுங்கள்.

அப்புறம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஒட்டுகிறதா என்று பார்க்காமல், மிஞ்சியிருக்கும் காந்தத்தை அளவிடுங்கள். மக்னடைட்டைச் சிறு வட்ட வில்லையாக்கி, அதைக் காந்தமாக்கி, ஒரே தூரத்தில் வைத்து, தொலைபேசியின் காந்த உணரியால் அழுத்துமுன்னும் பின்னும் வாசியுங்கள். அழுத்தம் அந்த மிச்சக் காந்தத்தில் ஒரு பங்கை அழிக்கும். சில நூறு மெகா பஸ்காலிலேயே தெரியலாம், ஆகவே அந்த அழுத்தம் கிடைக்க வட்டைச் சிறிதாக்குங்கள். அழுத்தாத வில்லை ஒன்றையும் ஒப்பிட வைத்திருங்கள், பிரஸ்ஸின் உருக்கே காந்தமேறியிருக்கக்கூடும்.