4கே படம் ஓடும்போது மட்டும் புரொஜெக்டர் திரை கருப்பாகிறது; ரிசீவரை மாற்ற வேண்டுமா?

வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சத்துவாச்சாரியில் புதிதாகக் கட்டிய வீட்டின் மாடி அறையில் 4கே புரொஜெக்டர் மாட்டியிருக்கிறீர்கள். எதிர்ச்சுவர் அலமாரியில், பாக்ஸ், ஸ்டிக் போன்றவற்றின் படத்தையும் ஒலியையும் வாங்கித் திரைக்கும் ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் ஏவி ரிசீவர் இருக்கிறது. இரண்டையும் சீலிங் பைப்புக்குள் செல்லும் 12 மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிள் இணைக்கிறது. செட்டாப் பாக்ஸில் சேனல்கள் தெளிவாக வருகின்றன. ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் 4கே படம் போட்டால் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன, அவ்வப்போது இரண்டு மூன்று வினாடிகள் திரை கருப்பாகித் திரும்புகிறது. கரண்ட் போய் வந்தால் ‘நோ சிக்னல்’ என்று நிற்கிறது. மழை நாளில் சேனலும் கட்டம் கட்டமாக உடைகிறது. கடைக்காரர் ரிசீவரை மாற்றச் சொல்கிறார்.

இப்போதைக்கு ரிசீவரை மாற்றாதீர்கள். காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்தித் தருவது என் தொழில். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் படித்தவுடன் என் சந்தேகம் பைப்புக்குள் இருக்கும் கேபிளின் மீதுதான் விழுகிறது. சேனல் சரியாக வருவதால் கேபிள் நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவுதான் உங்களைத் திசைதிருப்பியிருக்கிறது.

செட்டாப் பாக்ஸ் ஹெச்டி சேனலை 1080ஐ வடிவில் அனுப்பும்போது அந்தக் கேபிளில் ஓடுவது வினாடிக்கு ஏறத்தாழ 2.2 ஜிகாபிட் மட்டுமே. ஸ்டிக்கை 4கே, 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 பிரேம்), எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் முறை) என்று வைத்திருந்தால் அதே கேபிள் 17.82 ஜிகாபிட்டைச் சுமக்க வேண்டியிருக்கும். அதாவது எட்டு மடங்கு. 2013இல் வந்த ஹெச்டிஎம்ஐ 2.0 தரத்தின் உச்ச வரம்பே 18 ஜிகாபிட்தான் என்பதால், உங்கள் ஸ்டிக் அந்த வரம்பின் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. சாதாரணச் செம்புக் கேபிள் இரண்டு மூன்று மீட்டருக்கு இந்தப் பளுவைத் தாங்கும், நல்ல கேபிளாக இருந்தால் ஐந்து மீட்டர் வரையிலும் நம்பலாம். 12 மீட்டர் நீளத்தில் அதிவேக அலைகள் செம்பிலேயே தேய்ந்து, மறுமுனையில் ஒன்றா பூஜ்யமா என்று பிரித்தறிய முடியாத நிலைக்கு வந்துவிடும்.

அப்படிப் பிரித்தறிய முடியாமல் தவறாக வாசிக்கப்பட்ட பிட்டுகள்தான் நீங்கள் காணும் வெள்ளைப் புள்ளிகள். அந்த நேரத்தில் ஒலி மட்டும் தடங்கலின்றி வருவதைக் கவனித்திருந்தால் அதற்கும் காரணம் உண்டு. ஹெச்டிஎம்ஐ 2.0 வரையிலான முறையில் ஒலித் தரவுக்குப் பிழை திருத்தும் பாதுகாப்பு இருக்கிறது, படப் புள்ளிகளுக்கு அது கிடையாது. பிழைகள் மேலும் பெருகும்போது புரொஜெக்டர் சிக்னலின் தாளத்தையே தவறவிட்டு, இணைப்பைத் துண்டித்து, மறுபடியும் முதலிலிருந்து பேச்சைத் தொடங்குகிறது. அந்தப் பேச்சு முடிய எடுக்கும் நேரம்தான் உங்களுடைய இரண்டு மூன்று வினாடிக் கருப்பு.

ரிசீவர் பழுதாகியிருந்தாலும் திரை கருப்பாகலாம் என்பது உண்மை. ஆனால் முன்னால் புள்ளிகள் மின்னிவிட்டுப் பின்னால் கருப்பாவது பெரும்பாலும் கேபிளின் அடையாளம். நகல் தடுப்பான ஹெச்டிசிபி ஒத்துப்போகாதது காரணமாக இருந்தால் படம் வந்து வந்து போகாது. 4கே படம் தொடக்கத்திலிருந்தே மறுக்கப்படும், அல்லது எச்சரிக்கைச் செய்தி வரும், அல்லது சத்தமில்லாமல் 1080பி ஆகக் குறைந்து ஓடும். 2015க்கு முன் வாங்கிய ரிசீவர்கள் பலவற்றில் ஹெச்டிசிபி 2.2 இல்லாததால் அவற்றில் இந்தத் தொல்லை உண்டு. உங்களுடையது அந்தக் காலத்துக் கருவி அன்று. இன்னொன்றையும் ஒதுக்கிவிடலாம்: படம் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் ஒருமுறை கருப்பானால், அது ஸ்டிக் 60 ஹெர்ட்ஸிலிருந்து சினிமாவுக்குரிய 24 ஹெர்ட்ஸுக்கு மாறும் இடைவெளி. அது பழுதே அல்ல.

பணம் செலவழிக்காமல் இதை உறுதிசெய்யும் வழி, ஸ்டிக்கின் டிஸ்பிளே அமைப்பில் ரெசல்யூஷனை 1080பி என்று மாற்றி, வழக்கமாகத் தொல்லை தரும் அதே படத்தை முழுவதும் ஓட விடுவதுதான். ஒரு புள்ளி கூட மின்னாமல் ஓடினால், 4கே பளுவைத் தாங்காத ஏதோ ஒன்றில்தான் குறை இருக்கிறது. அந்த ஏதோ ஒன்று எது என்பதைச் சங்கிலியைத் துண்டு துண்டாக்கிப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கைப் புரொஜெக்டரிலேயே நேராகச் செருகி 4கே ஓட்டுங்கள். அது நன்றாக ஓடினால் ஸ்டிக்கும் புரொஜெக்டரும் குற்றமற்றவை. அடுத்து, கீழே ஹாலில் 4கே டிவி இருக்கிறது என்று எழுதியிருப்பதால், சற்றுச் சிரமம் பார்க்காமல் ரிசீவரை அங்கே தூக்கிச் சென்று, ஸ்டிக்கை ரிசீவரிலும் ரிசீவரை ஒன்றரை மீட்டர் கேபிளால் டிவியிலும் இணைத்து ஓட்டுங்கள். அங்கேயும் புள்ளிகள் வந்தால் கடைக்காரர் சொன்னதில் நியாயம் உண்டு. வராவிட்டால் மிஞ்சுவது பைப்புக்குள் இருக்கும் கேபிள் மட்டுமே.

இந்தச் சோதனையின்போது ஸ்டிக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டரின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுத்தால், அது யூஎஸ்பி 2.0 ஆக இருக்கும் பட்சத்தில், தரப்படி கிடைப்பது 500 மில்லி ஆம்பியர்தான். அது போதாமல் ஸ்டிக் தானாக அணைந்து எழும், நீங்கள் அதை வீடியோ பழுது என்று எண்ணிவிடுவீர்கள். கூடவே வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகியே சோதியுங்கள்.

புதுக் கேபிள் வரும் வரை படம் பார்க்க ஒரு தற்காலிக வழி உண்டு. ரிசீவரின் வீடியோ அமைப்பில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கும் 4கே சிக்னல் வடிவம் ‘ஸ்டாண்டர்ட்’, ‘என்ஹான்ஸ்டு’ என்று இருக்கும். பெயர் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை ஸ்டாண்டர்டில் வைத்தால் 60 ஹெர்ட்ஸ் 4கே படம் நிறத் தகவல் குறைக்கப்பட்ட 4:2:0 வடிவில் 8.91 ஜிகாபிட்டாக, அதாவது சரிபாதிப் பளுவாக வரும். எச்டிஆர் போய்விடும், ஆனால் படம் நிற்காது. எச்டிஆர் வேண்டும் என்றால், ஸ்டிக்கில் படத்தின் அசல் பிரேம் வேகத்துக்கு ஒத்துப்போகும் அமைப்பை இயக்கிப் பாருங்கள். சினிமாக்கள் 24 ஹெர்ட்ஸில் வரும்போது பளு 60 ஹெர்ட்ஸில் இருப்பதைவிடக் கணிசமாகக் குறைவு. எல்லாச் செயலிகளும் இதை மதிப்பதில்லை என்பதுதான் எரிச்சல்.

கரண்ட் போய் வந்தபின் வரும் ‘நோ சிக்னல்’ வேறு கதை. ஹெச்டிஎம்ஐயில் படம் வருவதற்கு முன்பு, எந்த ரெசல்யூஷன்களை ஏற்க முடியும் என்ற இடிஐடி விவரத்தைத் திரை சொல்ல வேண்டும், பிறகு ஹெச்டிசிபி அங்கீகாரம் நடக்க வேண்டும். மின்சாரம் திரும்பும் நொடியில் செட்டாப் பாக்ஸும் ஸ்டிக்கும் தாமாகவே எழுந்து, இன்னும் அணைந்திருக்கும் ரிசீவரிடமும் புரொஜெக்டரிடமும் கேட்டுவிட்டு, பதில் வராததால் தவறான முடிவோடு உட்கார்ந்துவிடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்சில் அணைத்துவிட்டு, முதலில் புரொஜெக்டர் முழுவதும் எழுந்தபின் ரிசீவர், அதன்பின் ஸ்டிக் அல்லது பாக்ஸ் என்ற வரிசையில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு ரிமோட்டில் எல்லாக் கருவியையும் இயக்கும் சிஇசி வசதியும் சில வீடுகளில் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. சில நாள் அணைத்து வைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ரிசீவரையும் பாக்ஸையும் அந்த லைனில் மாற்றச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேட்கலாம்.

மழை நாளில் சேனல் உடைவதற்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை. டிடிஎச் சேவைகள் பயன்படுத்தும் கேயூ பேண்ட் அலைகளை அடர்ந்த மழை உறிஞ்சிவிடுகிறது. சேனல் உடையும் அந்த நேரத்தில் ரிமோட்டில் மெனுவைத் திறந்து பாருங்கள்: மெனு எழுத்துகள் தெளிவாக இருந்து பின்னால் சேனல் மட்டும் உடைந்திருந்தால் குறை டிஷ், அதன் முன்னால் அலைகளை வாங்கும் எல்என்பி, அங்கிருந்து பாக்ஸுக்கு வரும் கோஆக்சியல் ஒயர், வானம் இவற்றில்தான், பாக்ஸுக்கு இப்பால் உள்ள எதையும் தொட வேண்டாம். சிறு தூறலுக்கே உடைந்தால் மொட்டை மாடியில் கனெக்டர் துருப்பிடித்திருக்கிறதா, டிஷ் காற்றில் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இடி இடிக்கும் ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் பாக்ஸின் பிளக்கையும் கோஆக்சியல் ஒயரையும் கழற்றி வைப்பது நல்லது. மாடியிலிருந்து இறங்கும் அந்த ஒயர் வழியாக வந்த மின்னலால் ஹெச்டிஎம்ஐ போர்ட்டுகள் எரிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு என்று எழுதியிருக்கிறீர்கள். 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் கத்திரி வெயிலில் அதை மூடி வைத்துப் படம் பார்த்தால் ரிசீவரின் ஹெச்டிஎம்ஐ போர்டு சூடேறி, ஒரு மணி நேரத்துக்குப் பின் அதே கருப்புத் திரையைக் காட்டும். படம் ஓடும்போது கதவைத் திறந்து வையுங்கள், மேலே ஒரு சாண் இடம் விடுங்கள்.

இனி புதுக் கேபிள். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் காட்பாடியில் ரயில் ஏறுவதற்கு முன்பு பைப்பின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெச்டிஎம்ஐ தலையின் பிளாஸ்டிக் உறை பொதுவாக 20 மில்லிமீட்டரை ஒட்டிய அகலம் கொண்டது. முக்கால் இஞ்ச் பைப்பின் எல்போ வளைவில் அது நுழையாது. 12 மீட்டருக்கு நீங்கள் கேட்க வேண்டியது ஆக்டிவ் ஆப்டிகல் கேபிள், அதாவது உள்ளே கண்ணாடி இழையில் ஒளியாகச் சிக்னலை அனுப்பும் வகை. அதிலேயே சிறிய தலையோடு வந்து, பைப்பில் இழுத்தபின் பெரிய தலையை மாட்டிக்கொள்ளும் மாடல்களும் கிடைக்கின்றன. அட்டையில் ‘2.1’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். பதிப்பெண் கருவியின் போர்ட்டுக்கு உரியதே தவிரக் கேபிளுக்கு உரியது அன்று. பிரீமியம் ஹை ஸ்பீடு அல்லது அல்ட்ரா ஹை ஸ்பீடு சான்றிதழ் ஒட்டி, போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் க்யூஆர் குறியோடு இருப்பதை வாங்குங்கள்.

ஆப்டிகல் கேபிளுக்குத் திசை உண்டு: ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனை ரிசீவருக்கு, ‘டிஸ்பிளே’ என்று எழுதிய முனை புரொஜெக்டருக்கு. மாற்றிச் செருகினால் படமே வராது. ஆகவே பைப்புக்குள் இழுப்பதற்கு முன், அறைத் தரையில் விரித்துப் போட்டு, 4கே எச்டிஆர் படம் ஒன்றை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். அதன்பின் எலக்ட்ரீஷியனை அழைத்து, தலையைப் பிடித்து இழுக்காமல் கேபிளின் உடம்பில், பைப்புக்குள் ஒயர் இழுக்கும் ஸ்பிரிங்கைக் கட்டி இழுக்கச் சொல்லுங்கள். வேகமாக இழுத்து வளைவில் மடித்துவிட்டால் உள்ளிருக்கும் இழை முறிந்துவிடும், முறிந்த இழையை ஒட்ட இங்கு யாராலும் முடியாது.