கூட்டமாகப் படித்தால் கெட்டுப்போவார்களா?

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு கணிதம் படிக்கிறாள். எந்நேரமும் ஐந்தாறு பேரோடுதான் இருக்கிறாள். விவாத மன்றம் என்கிறாள், விடுதிக் குழு என்கிறாள். படிக்கப் போன இடத்தில் படிப்பை மட்டும் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. படிப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு என்ன ஆனது என்று ஒருவர் கூடவே இருந்து கவனித்திருக்கிறார். 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் கணித ஆராய்ச்சி மாணவர். அங்கே முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தடுமாற, சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வமில்லை, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஊக்கமில்லை, வறுமை என்று ஆளுக்கொரு காரணம் வந்தது. இரு தரப்பிலும் 20 பேரை எடுத்துக்கொண்டு அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை.

தடுமாறியவர்கள் சோம்பேறிகள் அல்ல. வகுப்புக்குத் தவறாமல் போனார்கள், வீட்டுப்பாடம் முடித்தார்கள், எல்லாவற்றையும் தனியாகவே செய்தார்கள். நண்பர்கள் உண்டு, ஆனால் நட்பு வேறு, படிப்பு வேறு என்று கறாராகப் பிரித்து வைத்திருந்தார்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லும் அதே புத்திமதி! மற்றவர்களும் முதலில் தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டார்கள், பழைய வினாத்தாள்களை வைத்து ஒருவரை ஒருவர் மடக்கினார்கள். ஒரு கணக்கு எல்லோருக்கும் வரவில்லையென்றால் கணக்கு கடினம். தனக்கு மட்டும் வரவில்லையென்றால் எங்கே கோட்டை விட்டோம் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். தனியாக இருப்பவனுக்கு இது தேர்வு முடிவில்தான் தெரியும். 'நமக்குக் கணிதம் வராது போல' என்ற முடிவுக்கும் அவன் அப்போதே வந்துவிடுகிறான்.

டிரைஸ்மன் செய்த மாற்று ஏற்பாட்டையும் கவனியுங்கள். அவர் பின்தங்கியவர்களுக்கான இலகு வகுப்பு வைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தார். மதிப்பெண்கள் நன்றாகவே ஏறின.

விடுதிக் குழுவை இளக்காரமாகக் கேட்டிருப்பதால் ஒன்று சொல்கிறேன். இடைக்காலத்தில் இத்தாலியின் பொலோன்யாவில் மாணவர் சங்கங்கள்தான் பேராசிரியர்களுக்குச் சம்பளம் பேசின. வகுப்புக்குத் தாமதமாக வந்த பேராசிரியருக்கு அபராதமும் போட்டன. உங்கள் மகளின் குழு அந்த அளவுக்கெல்லாம் போகாது, பயப்படாதீர்கள்.

சரி, எல்லாக் கூட்டமும் படிப்புக் கூட்டமா? இல்லை. நாலு பொறுப்புகளைத் தலையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கே போகாதவர்களும் இருக்கிறார்கள். அதனால் அடுத்த முறை போனில் மதிப்பெண்ணை விசாரிக்கும் முன், புரியாத கணக்கை யாரோடு உட்கார்ந்து போடுகிறாள் என்று கேளுங்கள். இரண்டு பெயர் சொன்னால் விட்டுவிடுங்கள். ஒரு பெயரும் வரவில்லையென்றால் அப்போது கவலைப்படலாம்.