மேற்கு ஜன்னலும் இரட்டைக் கண்ணாடியும்

பழைய ஜன்னல்களை மாற்றுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கட்டுமானப் பொறியாளர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: அம்பத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்துக்கு ஒரு தளம் கீழே வசிக்கிறோம். மேற்குப் பார்த்த படுக்கையறையில் ஐந்தடிக்கு நான்கடி அளவில் பழைய அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் இருக்கிறது. கோடையில் மாலை ஐந்து மணிக்கு ஏ.சி. போட்டாலும் அறை குளிர்வதில்லை. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டால் மின்கட்டணம் வெகுவாகக் குறையும் என்கிறார் கடைக்காரர். செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்குமா?

பதில்: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்று இடைவெளி விட்டு மூடியதுதான் இரட்டைக் கண்ணாடி. கடைக்காரர் சொல்வது பொய்யல்ல, ஆனால் அது முதன்மையாகக் குளிர்நாடுகளுக்குப் பொருந்துகிற அறிவுரை. ஜன்னல் வழியே வெப்பம் இரண்டு விதமாக உள்ளே வருகிறது. வெளிக்காற்றுக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் கண்ணாடியைக் கடந்து வருவது ஒன்று. வெயில் நேரடியாகக் கண்ணாடிமேல் விழுந்து ஊடுருவி வருவது மற்றொன்று. முதலாவதை ‘யு மதிப்பு’ என்ற எண்ணாலும், இரண்டாவதை ‘எஸ்.எச்.ஜி.சி.’ என்ற எண்ணாலும் அளக்கிறார்கள். இரண்டுமே குறைவாக இருந்தால் வெப்பம் குறைவாக வரும்.

உங்கள் ஜன்னலுக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண ஒற்றைக் கண்ணாடியின் யு மதிப்பு சுமார் 5.8, எஸ்.எச்.ஜி.சி. சுமார் 0.82. பூச்சு எதுவும் இல்லாத இரட்டைக் கண்ணாடியில் இவை சுமார் 2.8, 0.70 என்று இறங்குகின்றன. வெளியே 38 டிகிரி, அறையில் 26 டிகிரி, மாலை வெயில் அந்தச் சுவரில் சதுர மீட்டருக்கு 500 வாட் அளவில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒற்றைக் கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரும் காற்றின் வழியாக 70 வாட் (5.8 × 12 டிகிரி வேறுபாடு), வெயிலின் வழியாக 410 வாட் (500 × 0.82) என ஏறத்தாழ 480 வாட் வெப்பத்தை உள்ளே விடுகிறது. உங்கள் இருபது சதுர அடி ஜன்னலுக்கு இது கிட்டத்தட்ட 900 வாட். இஸ்திரிப் பெட்டி ஒன்றை மாலை முழுவதும் அறைக்குள் எரியவிட்டு, அதே அறையில் ஏ.சி.யையும் ஓட்டுவதற்குச் சமம்.

வெறும் இரட்டைக் கண்ணாடி போட்டால் அந்த 480 சுமார் 385 ஆகக் குறையும். அதற்குப் பதிலாக, வெயிலைத் தடுக்கும் பூச்சுள்ள, எஸ்.எச்.ஜி.சி. 0.40 அளவிலான ஒற்றைக் கண்ணாடியைப் போட்டால் யு மதிப்பு பழையபடியே இருந்தாலும் மொத்தம் 270 வாட்டுக்கு இறங்கிவிடும். விலை கூடிய இரட்டைக் கண்ணாடியைவிடச் சரியான பூச்சுள்ள ஒற்றைக் கண்ணாடி இங்கே அதிகப் பலன் தருவதன் காரணம், சென்னையில் நமக்கு எதிரி வெளிக்காற்றைவிட வெயில்தான் என்பதே. பூச்சும் இரட்டைக் கண்ணாடியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. பகல் முழுதும் ஏ.சி. ஓடும் அறைக்கும், சாலை இரைச்சல் தாங்க முடியாத அறைக்கும் அந்தச் செலவு நியாயம். அப்படிப் போடும்போது பூச்சு வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில், அதாவது இடைவெளியைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் கண்ணாடியை மாற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வெயில் கண்ணாடியைத் தொடுமுன் வெளியிலேயே அதைத் தடுத்துவிட்டால் மேலே சொன்ன கணக்கின் பெரும்பகுதி தானாகவே அடிபட்டுப் போகும். உள்ளே தொங்கும் திரைச்சீலை வெளிச்சத்தை மறைக்குமே தவிர, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதி அறையில்தான் தங்கும். மேற்கு ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடும் மாலை நேரத்தில் அவ்வளவாக உதவாது. அப்போது சூரியன் தாழ்ந்து வந்து நேரெதிரே நிற்கிறது. வெளிப்பக்கம் சுருட்டி இறக்கக்கூடிய மூங்கில் தட்டியோ, மடக்கும் பலகைக் கதவோ, செங்குத்தான தடுப்புகளோதான் அங்கே வேலை செய்யும். குடியிருப்போர் சங்கம் முகப்பை மாற்றக் கூடாது என்று மறுத்தால்தான் கண்ணாடியை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.

திசைகளைப் பொறுத்தவரை பலரும் கவனிக்காத செய்தி ஒன்று: சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கேதான் நிற்கிறது. அக்னி நட்சத்திரக் காலத்தில் நண்பகல் வெயில் தெற்கு ஜன்னலுக்கு வருவதில்லை. தெற்கு, வடக்கு ஜன்னல்களுக்கு இரண்டடி சன்ஷேடும் சாதாரணக் கண்ணாடியுமே பெரும்பாலும் போதும். ஆகவே வீட்டின் எல்லா ஜன்னல்களுக்கும் ஒரே விலையுயர்ந்த கண்ணாடியைப் போடாமல், கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு மட்டும் பணத்தைச் செலவிடுங்கள்.

இன்னொன்று. எரிசக்திச் சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பான பி.இ.இ., 2018இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் ஜன்னல், வெளிக்கதவு, வென்டிலேட்டர் ஆகியவற்றின் திறக்கக்கூடிய பரப்பு, வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. குளிர்ப் பகுதிகளுக்கு அதில் பாதி, பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். இரண்டு கதவு கொண்ட ஸ்லைடிங் ஜன்னல் எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். கீல் வைத்த ஜன்னல் முழுவதும் திறக்கும், மூடும்போதும் ரப்பரை அழுத்திக்கொண்டு இறுக்கமாக மூடும். கடற்காற்று வரும் நேரத்தில் ஏ.சி.யை நிறுத்திவிட முடிகிற வீட்டுக்குக் கீல் ஜன்னலே மேல். வெளியே கிரில் இருப்பதால் கதவு உட்பக்கம் திறக்குமா, கொசுவலை எங்கே வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கண்ணாடியிலேயே கூலிங் ஃபிலிம் ஒட்டினால் போதாதா? (மதுரை வாசகி)

பதில்: வாடகை வீடென்றால் அதுவே சரி. ஆனால் கறுப்பாக இருப்பதாலேயே ஒரு ஃபிலிம் வெப்பத்தைத் தடுத்துவிடாது. கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியையே சூடாக்குகிறது. சூடான கண்ணாடி பிறகு அறைக்குள் கனலை வீசுகிறது. பகலில் விளக்குப் போடும் நிலைமையும் வந்துசேர்கிறது. எஸ்.எச்.ஜி.சி. எவ்வளவு, வெளிச்சம் எத்தனை சதவீதம் வரும் என்ற இரண்டு எண்களும் அச்சிட்ட தாளைக் காட்டாத கடையில் வாங்க வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் ஃபிலிம் பகலில் வெளியார் பார்வையை மறைக்கும். இரவில் உள்ளே விளக்கு எரியும்போது நிலைமை தலைகீழாகிவிடும்.

கேள்வி: ஊட்டியில் எங்கள் பழைய வீட்டின் ஜன்னல்களை மாற்றப் போகிறோம். கோவையிலுள்ள உறவினர் தம் வீட்டுக்குப் போட்ட, வெயிலைத் தடுக்கும் அதே கண்ணாடியைப் பரிந்துரைக்கிறார்.

பதில்: அவர் வீட்டுக்கு நல்லது உங்கள் வீட்டுக்குக் கெடுதலாக முடியலாம். உறைபனி விழும் ஊரில், பகலில் வரும் வெயில் காசில்லாமல் கிடைக்கும் சூடு. அதைத் தடுக்கும் கண்ணாடியை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தேவை யு மதிப்பு குறைந்த, எஸ்.எச்.ஜி.சி. அதிகமான ஜன்னல். சமவெளியில் வேண்டாம் என்று நான் தயங்கிய இரட்டைக் கண்ணாடி இங்கே முதல் தேர்வு. வெப்பத்தைத் திருப்பியனுப்பும் லோ-இ பூச்சை உட்கண்ணாடியின்மேல், இடைவெளியைப் பார்த்த பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் சட்டம் மரமாகவோ, யுபிவிசி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும்; அலுமினியம் வெப்பத்தை எளிதில் கடத்துவதால் விடியற்காலையில் அதன்மேல் நீர் கோத்து, சுவர் ஓரம் பூஞ்சணம் பிடிக்கும்.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். சமவெளித் தொழிற்சாலையில் காற்றுப்புகாமல் மூடிய இரட்டைக் கண்ணாடியை மலையேற்றினால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து கண்ணாடி புடைக்கும். ஓரத்து ஒட்டு விட்டுப்போய் நடுவே ஆவி படியலாம், கண்ணாடி விரிசலும் விடலாம். ஆர்டர் கொடுக்கும்போதே வீடு இருக்கும் உயரத்தைச் சொல்லி, அழுத்தத்தைச் சமன்செய்யும் நுண்குழாய் வைத்துத் தரச் சொல்ல வேண்டும். விற்பனையாளர் இதைத் தாமாகக் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இடுக்குகளை அடைத்து ஜன்னலை இறுக்கமாக்கிய பிறகு, மூடிய அறைக்குள் கரிக் கணப்பு வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் அதை அடியோடு விட்டுவிடுங்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற உயிர்கொல்லி வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

கேள்வி: காரைக்குடியில் உள்ள பூர்வீக வீட்டின் தேக்கு ஜன்னல்களை எடுத்துவிட்டு யுபிவிசி போட்டால் வீடு குளிர்ச்சியாகுமா?

பதில்: ஆகாது. கனத்த சுவருக்குள் பதிந்த ஜன்னலும், வெயில் நேரத்தில் சாத்தி வைக்கும் முழுப்பலகைக் கதவும், முற்றத்தின் வழியே மேலேறும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலையை எந்தப் புதுச் சட்டமும் செய்யாது. தளர்ந்த கீல்களை மாற்றி, இடைவெளி விட்ட இடங்களில் ரப்பர் பட்டி ஒட்டி, மரத்துக்கு எண்ணெய் கொடுங்கள்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் கடலுக்கு அருகே வீடு. அலுமினியமா, யுபிவிசியா?

பதில்: உப்புக்காற்று யுபிவிசியை அரிக்காது, அதற்குள் வலுவுக்காக வைக்கும் இரும்புப் பட்டையையும், திருகுகளையும், கீல்களையும்தான் அரிக்கும். ஆகவே துத்தநாகம் பூசிய பட்டையும், வழக்கமான 304 ரகத்தைவிட உப்பைத் தாங்கும் 316 ரக எவர்சில்வர் கீல்களும் கேளுங்கள். வெயிலில் அடர்நிறச் சட்டம் அதிகம் சூடேறி வளையக்கூடும் என்பதால் வெள்ளை நிறம் உத்தமம். அடிச்சட்டத்தில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐப்பசி மழை பக்கவாட்டில் அடிக்கும்போது அவைதான் அறையைக் காப்பாற்றும். டஃபன் செய்த, அதாவது சூடாக்கி வலுவூட்டிய கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. எனவே சுவர்ப்பூச்சு வேலை முடிந்த பிறகே அளவெடுக்கச் சொல்லுங்கள். பொருத்தி முடித்ததும் வெளியிலிருந்து ஹோஸ் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் பீய்ச்சி, உள்ளே ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு மீதித் தொகையைக் கொடுங்கள்.