மா டின்னுக்குள் இருக்கும் குளிசை

கேள்வி: எனக்கு வயது 36. களுவாஞ்சிகுடிப் பக்கம். இரண்டு பிள்ளைகள். கணவர் கட்டாரில் வேலை. போன வருடம் நித்திரை இல்லை, காரணமில்லாத அழுகை, சமைக்கக்கூட எழும்ப முடியாத நிலை. மட்டக்களப்பில் கிளினிக்குக்குப் போனேன். மனச்சோர்வு என்று சொல்லி செர்ட்ரலின் தந்தார்கள். தொடங்கி ஏழு மாதம். கடைசி நாலு மாதமாக நல்ல சுகம். காலையில் கடற்கரையில் நடக்கிறேன், சீனியைக் குறைத்துவிட்டேன், குரக்கன், கீரை, மீன் என்று பார்த்துச் சாப்பிடுகிறேன். அம்மாவின் சீனி, பிரஷர் குளிசைகளை இரவு எட்டு மணிக்கு அலுமாரி மேலிருக்கும் பெட்டியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுப்பேன். என்னுடையது மா டின்னுக்குள் இருப்பதால் சில நாள் மறந்துபோகும். போன மாதம் தொட்டு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறேன். கணவருக்கு இது தெரியாது. மகளின் எதிர்காலத்தை நினைத்துச் சொல்ல வேண்டாம் என்கிறா அம்மா. மகளுக்கு ஒன்பது வயது. சித்திரைக்கு அவர் லீவில் வருகிறார். அதற்குள் சாப்பாட்டாலும் நடையாலும் குளிசையை முழுதாக நிறுத்திவிடலாமா?

பதில்:

தங்கச்சி, சித்திரை நெருங்கினால் இப்படிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். ஊர் மாறும், குளிசையின் பேர் மாறும், கேள்வி இதேதான். உங்கள் நடையையும் குரக்கனையும் பிறகு பார்ப்போம். எனக்கு முதலில் அந்த மா டின்னைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வருத்தம். அம்மாவின் குளிசைக்குப் பெட்டி இருக்கிறது, நேரம் இருக்கிறது, எடுத்துக் கொடுக்க மகள் இருக்கிறா. உங்களுடையது அடுப்படியில், மாவுக்குள். வெக்கையும் ஈரமும் குளிசைக்கு ஆகாது என்பது ஒருபக்கம். புட்டுக்கு மா எடுக்கப் பிள்ளைகளும் திறக்கிற டின் அது என்று யோசித்தீர்களா? உங்கள் சொந்த வீட்டிலேயே உங்கள் மருந்துக்கு வெளிச்சத்தில் ஓர் இடம் இல்லை. இதை ஏதோ வீட்டு ஒழுங்கு சொல்வதுபோல அரை வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். எனக்கு அதைப் படிக்கக் கோபம் வந்தது.

அம்மாவும் குரக்கன்தானே சாப்பிடுகிறா? அதற்காக அவவின் சீனிக் குளிசையை நிறுத்தினீர்களா? ‘சாப்பாட்டால் சமாளிக்கலாம் அம்மா, மருந்தை விடுங்கோ’ என்று ஒருநாளாவது சொன்னீர்களா? சொல்லமாட்டீர்கள். அது பாவம் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

நிறுத்த நினைப்பது சுகம் வந்ததால் அல்ல, ஆள் வருகிறார் என்பதால். சித்திரை லீவை வைத்து மருந்துக்குக் கணக்கு எழுத முடியாது. ஏழு மாதம் போட்டாச்சு என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். முதல் தடவை மனச்சோர்வு வந்தவர்களுக்குக்கூட, சுகமான பிறகு ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பதுதான் வைத்தியர்களின் பொதுவான கணக்கு. முதல் குளிசையிலிருந்து எண்ணுவதில்லை. உங்களுக்கு இப்போதுதான் நாலு. இந்த இடைவெளியில் நிறுத்துகிறவர்களுக்கு வருத்தம் திரும்பி வரக்கூடிய வாய்ப்பு அதிகம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது குறைப்பதும் இல்லை. செர்ட்ரலின் ஒரு நாளைக்குள்ளேயே உடம்பில் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஒருநாள் ஏறி, அடுத்தநாள் இறங்கி, மூளை ஊஞ்சலில் ஆடும். தலைச்சுற்று, எரிச்சல், நித்திரைக் குழப்பம், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரலாம். அதைப் பார்த்துப் பழைய வருத்தம் என்று நீங்களே பயந்துபோவீர்கள். நிறுத்த வேண்டிய காலம் வந்தால் வைத்தியரே கிழமைக் கணக்கில் அளவைப் படிப்படியாக இறக்குவார். அடுத்த திகதி வரும்வரை பார்க்காமல் இந்தக் கிழமையே கிளினிக் கொப்பியோடு போங்கள். மறந்த நாள், விட்ட நாள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயமா? ஏசட்டும்.

நடையை விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உண்மையாகவே உதவுகிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் அரைமணி நடந்தால் சரி. சாப்பாடும் நல்லதுதான். ஆனால் இவை மருந்துக்குத் துணை. நீங்கள் காலையில் எழும்பிக் கடற்கரைக்குப் போகிற நிலைக்கு வந்ததிலேயே அந்தக் குளிசைக்கும் பங்கு இருக்கிறது. எழும்ப முடியாமல் கிடந்தேன் என்று எழுதியதும் நீங்கள்தானே.

இனி உங்கள் அம்மா. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை வராது என்று பயந்து, பெற்ற மகளின் மருந்தை ஒளிக்கச் சொல்கிறா. நாளைக்கு ‘இந்தக் குடியில் இப்படி வருத்தம் இருந்ததா’ என்று யாரோ கேட்பார்கள் என்ற பயம் எனக்கும் தெரிந்த பயம்தான். கேட்கிறவர்கள் கேட்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு வேண்டியது எழும்பித் தலைவாரிவிடும் தாய். அம்மாவை நீங்கள் பார்ப்பது கடமை என்றால், உங்களைப் பார்ப்பது அவவின் கடமை. நம் சனம் இந்த இரண்டாவதை எளிதில் மறந்துவிடுகிறது.

இன்றைக்கு இரவே குளிசைகளை அந்த டின்னிலிருந்து எடுத்து அலுமாரி மேலுள்ள பெட்டிக்குள் வையுங்கள். எட்டு மணிக்கு அம்மாவுக்கு நீங்கள் கொடுங்கள். வைத்தியர் சொன்ன வேளைக்கு உங்களுக்கு அம்மா எடுத்துத் தரட்டும். உயிர்மேல் வெறுப்பு வருகிற மாதிரி ஒரு நினைப்பு தட்டினால் யாரையும் பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

உங்கள் கணவருக்கும் சொல்ல வேண்டும், அவர் பிளேனில் ஏறுவதற்கு முன்னமே. வீட்டுக்கு வந்து ஒருநாள் டின்னைத் திறந்து கண்டுபிடித்தால், வருத்தத்தைவிட ஒளித்ததுதான் அவருக்கு வலிக்கும். வெயிலில் உழைத்துக் காசு அனுப்புகிற மனிதனுக்குத் தன் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிய உரிமை இருக்கிறது. கட்டாரில் வெள்ளி லீவு. பிள்ளைகள் கதைத்து முடித்ததும் போனை வாங்கி, ‘போன வருஷம் எனக்குச் சுகமில்லாமல் போனது, மருந்து போடுகிறேன், இப்போது நல்லாயிருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவர் கேட்பார்.