பின்சக்கர பிரேக் ஷூவை வீட்டிலேயே மாற்றலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

போன மாதம் பெங்களூரு அல்சூரில், எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கிலேயே என் பழைய மாருதி 800-க்குப் பின்பக்க பிரேக் ஷூ மாற்றினேன். சக்கரத்தோடு சுழலும் கிண்ணம்தான் ட்ரம்; அதன் உள்சுவரில் அழுத்தி வண்டியை நிறுத்தும் பிறை வடிவத் துண்டு ஷூ; ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை லைனிங். அன்று நின்று பார்த்தவர்களும், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும் நிறையக் கேட்டுவிட்டார்கள். பதில்களை இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

அண்ணா, ட்ரம்மைக் கழற்றாமலே ஷூ தேய்ந்தது தெரியுமா? (மர்பி டவுன்)

ஓரளவு தெரியும் தம்பி. ஹேண்ட் பிரேக் வழக்கத்தைவிட மேலே வரும், பெடல் ஆழமாக இறங்கும். ஆனால் ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்தாலோ, ஷூவுக்கும் ட்ரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இறுகிப்போனாலோ கூட இப்படித்தான் இருக்கும். கழற்றிப் பார்ப்பதுதான் சரி. லைனிங் 1 மி.மீ.க்கு வந்துவிட்டால் கட்டாயம் மாற்ற வேண்டும். நான் 2 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவேன். பிரேக் பிடிக்கும்போது பளு முன்சக்கரத்துக்குப் போவதால் பின் ஷூ பல வருடம் தாங்கும். அதனாலேயே அதை மறந்துவிடுகிறோம்.

ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் என்ன கேட்டு வாங்க வேண்டும் சார்? (ஸ்ரீராம்புரம்)

வண்டியின் மாடலும் வருடமும் சொல்லுங்கள், முடிந்தால் பழைய ஷூ ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு ஷூ. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்பிரிங் செட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். வருடக்கணக்கில் சூடேறி ஆறிய ஸ்பிரிங் தொய்ந்திருக்கும்.

அண்ணா, ட்ரம் அசையவே இல்லை, சுத்தியலால் அடிக்கலாமா? (ஹலசூரு பஜார் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி)

முதலில் வண்டி எதன் மேல் நிற்கிறது என்று பாரம்மா. ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் நொறுங்கிவிடும். சமதரையில் ஜாக் ஸ்டாண்ட் வை, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடு, கியரில் போடு. ஏனென்றால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால்தான் ட்ரம் வரும்.

அப்புறமும் வரவில்லை என்றால் கேபிள் நட்டைத் தளர்த்து. தேய்ந்த ட்ரம்மின் ஓரத்தில் ஒரு வரம்பு மேடிட்டிருக்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். பல ட்ரம்களில் இரண்டு மரைத் துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட் போட்டு இந்தப் பக்கம் அரைச்சுற்று, அந்தப் பக்கம் அரைச்சுற்று என்று முறுக்கினால் தானாக வெளியே தள்ளும். என் 800-இல் பேரிங் ட்ரம்முக்குள்ளேயே இருக்கிறது. அதனால் நடு நட்டையும் கழற்ற வேண்டும். அந்த நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைக் கழற்றினால் திரும்பப் போடுவது புதுசாகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் புற்றுநோய் தரும். மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்துத் தூக்கிப் போடு.

எந்த ஸ்பிரிங் எங்கே என்று குழம்பிவிடாதா? (கே.ஆர். புரம்)

குழம்பும். அதனால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். இதைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு பக்கத்தை முழுசாக முடித்த பிறகுதான் அடுத்தது. சந்தேகம் வந்தால் எழுந்துபோய் மறுபக்கத்தைப் பார்க்கலாம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அட்ஜஸ்டர்களையும் இடம் மாற்றக் கூடாது. பல வண்டிகளில் மரையே எதிர்த்திசை.

ஷூவைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்பிரிங்கைக் கழற்ற, பேக் பிளேட்டுக்கு (ஷூக்கள் மாட்டியிருக்கும் தகடு) பின்னால் ஒரு விரலால் பின்னின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்னால் கட்டிங் பிளேயரால் மூடியை உள்ளே தள்ளிக் கால்சுற்றுத் திருப்புங்கள். பின்னின் தட்டை முனை துளைக்கு நேராக வந்ததும் மூடி கையோடு வந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் தெறிக்கும்.

ட்ரம் கழற்றியிருக்கும்போது வீட்டில் யாரும் பெடலை மிதித்துவிடக் கூடாது. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். நான் ஸ்டீயரிங்கில் ஒரு துணியைக் கட்டி வைப்பேன்.

பழைய ஷூவில் பிசுபிசுப்பு இருக்கிறது. பெட்ரோலில் கழுவலாமா? (டேனரி ரோடு)

வேண்டாம் ஐயா. பிரேக் ஃப்ளூயிட் (பிரேக் எண்ணெய்) குடித்த லைனிங்கைக் கழுவினாலும் தேய்த்தாலும் பழைய பிடிப்பு திரும்பாது. சிலிண்டர் மேல் பெட்ரோல் பட்டால் ரப்பரும் ஊதிவிடும். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் கசிவு அங்கேதான். அதைச் சரிசெய்யாமல் புது ஷூ போட்டால் புதுசும் நனைந்து வீணாகும்.

சிலிண்டரை மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பிரேக் ஃப்ளூயிட் டாங்க் மூடியில் எழுதியிருக்கும் ஃப்ளூயிட்தான், டாட் 3 அல்லது டாட் 4. முத்திரை உடைக்காத புது டப்பா. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மழைக்குப் பிறகு ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொள்கிறதே? (அல்சூர்)

ட்ரம் துருவேறி ஷூவோடு பிடித்துக்கொள்கிறது. ஈரத்தோடு பல நாள் நிறுத்துவதாக இருந்தால் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக் வேண்டாம்.

எல்லாம் மாட்டியாயிற்று. உடனே ஓட்டலாமா? (மர்பி டவுன் தம்பியே மறுபடியும்)

பொறு. பெடலைப் பல முறை மிதித்து அட்ஜஸ்டரைச் செட் ஆக விடு. கையால் சக்கரத்தைச் சுற்றினால் லேசாக உரச வேண்டும், இறுகக் கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில்தான் முறுக்க வேண்டும்; முதலிலேயே முறுக்கினால் ஷூ முழுசாகப் பின்வாங்காது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, வண்டியை எடுக்காதே.

பெடல் கெட்டியாக இருந்தால் ஞாயிறு விடியற்காலையில் ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி, மிதமாக இருபது தடவை பிரேக் பிடி. ஷூ ட்ரம்மோடு படியும். திரும்பி வந்ததும் இரண்டு பின்சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார், தொடாதே. ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க வேண்டும்.