முன்சீப் கோர்ட்டில் தோற்றால் நேராக ஹைகோர்ட்டுக்குப் போகலாமா? நம் நாட்டில் கோர்ட்டுகளின் வரிசைதான் என்ன?

நேராகப் போக முடியாது, நடுவில் ஒரு படி இருக்கிறது. நீங்கள் கேட்பதைப் பார்த்தால் நிலத்தகராறு போலத் தெரிகிறது. "கீழே எப்படிப் போனாலும் மேலே பார்த்துக்கலாம்" என்று யாராவது தைரியம் சொல்லியிருப்பார்கள். அதை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் சிவில் வழக்கு, அதன் மதிப்பைப் பொறுத்து முன்சீப், சப் கோர்ட், மாவட்டக் கோர்ட் என்று ஏதாவது ஒன்றில் தொடங்கும். முன்சீப் தீர்ப்பின் மேல் முதல் அப்பீல் பெரும்பாலும் சப் கோர்ட்டுக்குப் போகும், கெடு 30 நாள். தீர்ப்பு நகல் கிடைக்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். அதற்காக நகல் மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் ஹைகோர்ட்டில் இரண்டாம் அப்பீல், அங்கே கெடு 90 நாள். கடைசியில் டில்லி சுப்ரீம் கோர்ட். 1949 வரை அப்போது கடைசி அப்பீல் இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் சொத்தை அழித்தவர்கள் உண்டு. கிரிமினல் வழக்கு மாஜிஸ்திரேட், செஷன்ஸ் என்று வேறு வழியில் ஏறும்.

எங்கள் வழக்கு தஞ்சாவூர் பக்கம், வயலுக்குப் போகும் வண்டிப்பாதை பற்றியது. எதிராளி பங்காளிதான், அப்பாவுக்கு அண்ணன் மகன் முறை. முன்சீப் கோர்ட்டில் அப்பா பழைய பாகப் பத்திரத்தைப் போட்டார், கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்து பாதையை அளந்தார், பக்கத்து வயல்காரர் இருவர் கூண்டேறினார்கள். பங்காளியோ கூண்டேறவே இல்லை. வாய்தா வாங்கிக்கொண்டே இருந்துவிட்டு, தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில், "மதுரையில பாத்துக்கலாம் சித்தப்பா" என்றார். 2004-இல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை வந்தபிறகு எங்கள் மாவட்ட வழக்குகள் அங்கேதான் போகின்றன.

சப் கோர்ட்டில் புதிதாக ஒரு பத்திரத்தை நீட்டினார். கீழே ஏன் தாக்கல் செய்யவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லை, மனு தள்ளுபடி. அப்பீலும் தோற்றுப் போயிற்று. மதுரையில் நோட்டீஸ் கட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. ஏனென்றால் இரண்டாம் அப்பீலில் பாதை இருந்ததா, சாட்சி சொன்னது உண்மையா என்றெல்லாம் மறுபடி துருவ மாட்டார்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவில் 1976-இல் கொண்டுவந்த திருத்தப்படி, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் வழக்கையே எடுப்பார்கள். சுப்ரீம் கோர்ட்டுக்கு அரசியலமைப்புச் சட்டம் 136-ஆம் பிரிவின்கீழ் மனுப் போடலாம், அனுமதிப்பது அவர்கள் விருப்பம். ஆகவே உங்கள் பத்திரம், சாட்சி எல்லாவற்றையும் முன்சீப் கோர்ட்டிலேயே இறக்கிவிடுங்கள்.

வக்கீல் நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம். அப்பீல் இல்லாமலே ஹைகோர்ட் தலையிட வழிசெய்யும் ரிவிஷன், அரசியலமைப்பின் 227-ஆம் பிரிவு எல்லாம் எனக்கும் தெரியும், கீழ்க்கோர்ட் சாட்சியத்தை அடியோடு தப்பாகப் படித்திருந்தால் ஹைகோர்ட் தலையிடும் என்பதும் தெரியும். அவை விதிவிலக்கு, அதை நம்பி யாரும் கேஸ் நடத்தக்கூடாது.

இத்தனை கோர்ட்டில் ஜெயித்தும் பாதையை அளந்து கல் நட சர்வேயர் இன்னும் வரவில்லை. பணம் கட்டிய ரசீது கையில் இருக்கிறது. போய்க் கேட்டால் "ஆள் இல்லை சார்" என்கிறார்கள், அதே வாரம் பக்கத்துத் தெரு மனைப்பிரிவுக்கு மட்டும் ஆள் வருகிறது.